சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மணி

"ஆரம்பத்துல நல்லாத்தான் கேக்குது. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள ஒரு 'டிக்'. அதோட உங்க பெரியவர் கிணத்துக்குள்ள இறங்கிடறார். நானும் எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே பேச வேண்டியிருக்கு."

தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி நேரில் வந்து சொன்னார். பாப்பா சிரிக்கவில்லை.

"லைன் பழசுங்க சார்."

"லைன் மட்டுமா? எத்தனை டன் தூக்கும்னு கேட்டா முழங்கால் வலியைச் சொல்றார். பேத்திக்குப் பல் முளைச்சதை நான் எதுக்கும்மா தெரிஞ்சுக்கணும்? அதையும் ரெண்டு தடவை சொல்றார். மாசக் கடைசியில வருஷ ஒப்பந்தம் போடணும். அதுக்குள்ள ஒழுங்கான ஃபோன் வையுங்க. எல்லாரும் இன்டர்நெட்டுக்கு மாறியாச்சு. இல்லேன்னா வேற கிரேன் பார்த்துக்கறோம், வருத்தப்படாதீங்க."

வருத்தப்படுவதற்கு என்ன இருக்கிறது, அதற்கெல்லாம் பாப்பாவுக்கு நேரமில்லை. அவர் போனதும் ஃபோன் வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

பாப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அண்ணன்கள் அப்படிக் கூப்பிட்டதால் டிரைவர்களும் 'பாப்பாம்மா' என்றார்கள். கிரேன் வாடகைக்கு விடுவது குடும்பத் தொழில். பெரிய கிரேன் ஒன்று, சின்ன கிரேன் ஒன்று. பெரிய அண்ணன் ஒருவர், சின்ன அண்ணன் ஒருவர். முன் அறையில் பாப்பா பில் போடுவாள். அவளுக்குப் பின்னால் நடுவில் பலகைத் தடுப்பு போட்ட இரண்டு அறைகளில் அண்ணன்கள். அப்பா காலத்து ஃபோன் ஆளுக்கொன்று மேசை மேல் இருக்கும். மணி அடித்தால் இரண்டு அறையிலும் அடிக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவர் வேலையைப் பிடித்துத் தன் டைரியில் குறித்துக்கொள்வார்.

அண்ணன்கள் இருவரும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அப்பா இறந்த காலையில் பெரியவர் வரிசையாக வாடிக்கையாளர்களுக்கு ஃபோன் செய்து, இன்றைக்குக் கிரேன் வராது, அப்பா போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் நின்ற சின்னவருக்கு விஷயத்தைச் சொன்னது ஒரு செங்கல் வியாபாரி. "ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு நான் கடைசி" என்றார் சின்னவர். "அவனைத் தேடித்தான் ஆள் அனுப்பியிருந்தேன்" என்றார் பெரியவர். இந்த இரண்டு வாக்கியங்களையும் இருவரும் பாப்பாவிடம்தான் சொன்னார்கள். அதோடு சரி. ஒரு வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் காலையில் போனால் மற்றவர் மாலையில் போவார்.

"பேசிக்காம எப்படிம்மா தொழில் நடக்குது? ஒரே கிரேனை ரெண்டு பேரும் ரெண்டு இடத்துக்குக் குடுத்துட மாட்டாங்களா?" என்று கேட்பவர்களுக்குப் பாப்பா ஒரே பதில் வைத்திருந்தாள்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க. பேசாமலே புரிஞ்சுக்குவாங்க."

அவளும் அதை நம்பினாள். கிரேன்கள் ஒரு நாளும் மோதிக்கொண்டதில்லை. அவள் பயமெல்லாம் வேறு. பாதிக்கு மேல் வேலை தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அது போனால் இரண்டு கிரேனுக்கும் சேர்ந்து வேலை இருக்காது. அப்புறம் 'ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கலாம்' என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அண்ணன்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார உலகத்தில் வேறு காரணமே கிடையாது.

*

வந்தவரை எல்லாரும் டோன்காரர் என்றுதான் அழைத்தார்கள். எந்த ஃபோனைப் பார்த்தாலும் எடுத்துக் காதில் வைத்து "டோன் வருது" என்பார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

"யாரும்மா வெச்சது இதை?"

"அப்பா."

"நல்ல மனுஷன். எலிகூட மரியாதை குடுத்து விட்டு வெச்சிருக்கு."

"தூக்கிப் போட்டுடணுமா?"

"எதுக்கு? அதுபாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல இந்தச் சின்னப் பெட்டி. இந்தப் பக்கம் இன்டர்நெட், அந்தப் பக்கம் உங்க பழைய வயர். அண்ணனுங்க ஃபோன்கூட மாத்த வேண்டாம். அவங்க எடுக்கறது பழைய ஃபோன், பேசறது இன்டர்நெட்ல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஒரு படம் வரும். யார் ஃபோன் நடப்புல இருக்கோ அதுக்கு விளக்கு எரியும்."

பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே அவர் சிரித்தார்.

"நீங்க சொன்ன கிணறு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு ரூமுக்கும் ஒரே ஜோடிக் கம்பி. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரும் எடுத்தா குரல் ரெண்டு பங்காப் போயிடும்."

"மணி ரெண்டு பக்கமும் அடிக்குது. ரெண்டு பேரும் எடுத்திருப்பாங்க. அப்புறம் ஒருத்தர் வெச்சுடுவாங்க."

"என்னவோ. இனிமே அந்தப் பிரச்சினை இல்ல. ஆளுக்கு ஒரு கம்பி. பெரியவருக்குப் பதினொண்ணு, சின்னவருக்குப் பன்னெண்டு. வெளியில இருந்து வந்தா ரெண்டுலயும் அடிக்கும். ஒருத்தர் எடுத்ததும் இன்னொண்ணு வாயை மூடிக்கும்."

"வாயை மூடிக்கிட்டா நல்லதுதான்" என்றாள் பாப்பா.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. முதல் அழைப்பே தொழிற்சாலையிலிருந்து வந்தது. பெரியவர் பேசினார். அறைக் கதவு திறந்திருந்ததால் அவர் குரல் முன் அறைக்குக் கேட்டது. வழக்கம்போல எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். "வியாழக்கிழமை. பெரிய கிரேன். மறுபடி சொல்றேன், வியாழக்கிழமை, பெரிய கிரேன்." பிறகு அதிகாரி பாப்பாவின் செல்ஃபோனில் கூப்பிட்டு, "இப்பத்தாம்மா மனுஷன்கூட பேசற மாதிரி இருக்கு. வியாழக்கிழமை ஒரு மெஷினை இடம் மாத்தறோம். அது நல்லா நடந்தா கையெழுத்துதான்" என்றார்.

சின்னவர் மட்டும் கதவருகில் வந்து நின்றார்.

"என் ஃபோன்ல வெறும் டோன்தான் வருது."

கிளம்பிக்கொண்டிருந்த டோன்காரர் பூரித்துப்போனார். "அதாங்க வரணும்!"

சின்னவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

வியாழக்கிழமை காலை பெரிய கிரேனின் டிரைவர் நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோனில் பேசினார்.

"பாப்பாம்மா, நான் எங்க போகணும்? பெரியவர் தொழிற்சாலைங்கறார். சின்னவர் இப்பத்தான் ஃபோன் பண்ணி, தண்ணித் தொட்டி தூக்கணும், இன்னும் ஏன் வரலைங்கறார். கிரேனை ரெண்டா அறுக்கச் சொன்னீங்கன்னா ரெண்டு இடத்துக்கும் போயிடறேன்."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கேட்டுச் சொல்வதற்குள் பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்து அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டன. தொழிற்சாலையில் மெஷினைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆட்கள் மத்தியானம் வரை காத்திருந்தார்கள். அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் பாப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அடுத்த வியாழக்கிழமை இன்னொரு மெஷின் இருக்கும்மா. அன்னைக்கும் இப்படின்னா ஒப்பந்தம் கிடையாது. ஃபோன் நல்லாயிடுச்சு, நீங்க கெட்டுட்டீங்க."

பாப்பா பெரியவர் அறைக்குப் போனாள்.

"நான் சொன்னேன். தெளிவாச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்" என்றார் பெரியவர்.

"யார்கிட்ட?"

"தொழிற்சாலைக்காரன்கிட்ட."

"அவருக்குத்தான் தெரியுமே, அவர்தானே கேட்டார். சின்னண்ணனுக்கு யார் சொன்னா?"

பெரியவர் மேசையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். அதைச் சற்றுத் தள்ளி வைத்தார். பிறகு, "இந்த வேலையே ஆகாது. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுடு. அவன்கிட்டச் சொல்லு" என்றார்.

பாப்பா அடுத்த அறைக்குப் போனாள். பெரியவர் கத்திச் சொன்னது அங்கே ஏற்கெனவே கேட்டிருந்தது; பலகைதானே.

"பிரிச்சுடச் சொல்லு. எனக்குச் சம்மதம்னு அவர்கிட்டச் சொல்லு" என்றார் சின்னவர். "நான் என்ன பண்ணுவேன்? எடுத்தேன். டோன்தான் வந்துச்சு."

"நீ எதுக்கு எடுத்தே?"

"மணி அடிச்சா எடுக்க மாட்டாங்களா?"

"அவர் எடுத்து, மணி நின்னு, பேச ஆரம்பிச்ச பிறகுமா?"

சின்னவர் டைரியைத் திறந்து, இல்லாத எதையோ தேடினார்.

"எத்தனை வருஷமாண்ணா ஒட்டுக் கேக்கறே?"

"ஒட்டெல்லாம் கேக்கல. எடுப்பேன். காதுல விழும். முடிஞ்சதும் வெச்சுடுவேன்."

"அவர் முழங்கால் வலி தெரியுமா உனக்கு?"

"இடது முழங்கால்" என்றார் சின்னவர். "மழை வந்தா ஜாஸ்தி."

பாப்பா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்டவனிடமெல்லாம் பேத்தியின் பல்லைப் பற்றிப் பெரியவர் ஏன் பேசினார், எல்லாவற்றையும் ஏன் செவிடனுக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னார் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. எதிர்ப்பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். சின்னவர் மணல் வியாபாரியிடம் தன் பையனின் வேலையைப் பற்றி அளந்ததை அவளே கேட்டிருக்கிறாள். 'டிக்' என்ற சத்தத்துக்கு இருவரும் காத்திருந்திருக்கிறார்கள். குரல் தேய்ந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். அந்தத் தேய்மானத்தைத்தான் அவள் ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டாள்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க, பேசாமலே புரிஞ்சுக்குவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள். "கம்பியில பொறந்தவங்கன்னு சொல்லியிருக்கணும்."

"என்ன கம்பி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவர் கேட்டார்.

பாப்பா ஸ்டூலை விட்டு எழுந்து டோன்காரரைக் கூப்பிடப் போனாள்.

*

"பழையபடி போட்டுத் தர முடியுமா?" என்று பாப்பா டோன்காரரிடம் கேட்டாள்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கும்மா. பழையபடி போட்டா மறுபடியும் கிணறுதான். அந்த அதிகாரி ஓடிடுவார்." அவர் கொஞ்சம் யோசித்தார். "வேற ஒண்ணு செய்யலாம். ஒருத்தர் பேசிக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தர் எடுத்தா டோன் வராம நேரா அந்தப் பேச்சுக்குள்ளயே போற மாதிரி வெச்சுடலாம். குரலும் தேயாது."

"அப்படியே வெச்சுடுங்க."

"ஒண்ணு இருக்கு. உள்ள போகும்போது ஒரு 'பீப்' அடிக்கும். மூணு பேருக்கும் கேக்கும். வேண்டாம்னா அதை நிறுத்தி வெக்கலாம். நிறுத்திட்டா யாருக்கும் தெரியாது. உங்க இஷ்டம்."

பாப்பா கணக்குப் போட்டாள். சத்தம் இல்லாமல் வைத்தால் எல்லாம் முன்போலவே ஓடும், இன்னும் பத்து வருஷம்கூட. சத்தத்தோடு வைத்தால், மாட்டிக்கொண்ட வெட்கத்தில் இருவரும் ஃபோனையே தொடாமல் போகலாம். அப்படியானால் வருகிற வியாழக்கிழமையே கதை முடிந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். இதற்குப் போதுமான தராசு அவளிடம் இல்லை.

"அடிக்கட்டும்" என்றாள்.

அண்ணன்களிடம் ஒளிக்கவில்லை. முதலில் பெரியவரிடம் சொன்னாள்.

"அது எதுக்கு அடிக்கணும்?" என்றார் அவர்.

"ஆள் வந்தா நாய் குரைக்கறதில்லையா? அது மாதிரி."

"யார் ஆள், யார் நாய்?"

"அதை நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க."

சின்னவர் சத்தியமே செய்தார். "இனிமே அவர் பேசும்போது அந்த ஃபோனை நான் தொடவே மாட்டேன்."

சொன்னபடி தொடவில்லை. பாப்பாவின் திரையில் பதினொன்று எரிந்தால் பன்னிரண்டு இருண்டு கிடந்தது. பன்னிரண்டு எரிந்தால் பதினொன்று. இரண்டு டைரிகளும் இரண்டு ஊர்களின் டைரிகள்போலத் தனித்தனியே நிறைந்தன. இரண்டையும் தானே ஒத்துப் பார்த்துவிடுகிறேன் என்று பாப்பா கேட்டுப் பார்த்தாள். "பிரிக்கற வேளையில என் டைரியை எதுக்குக் காட்டணும்?" என்றார்கள். இருவரும் ஒரே பதில், ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்.

*

புதன்கிழமை தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் எடுத்தார். அந்தப் பேச்சைப் பிற்பாடு அதிகாரியே பாப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆகையால் வார்த்தை பிசகாமல் தெரியும்.

"நாளைக்குக் காலையில எங்களுக்குப் பெரிய கிரேன். ஞாபகம் இருக்கா?"

"வியாழக்கிழமை காலை. பெரிய கிரேன்" என்றார் பெரியவர். கொஞ்சம் விட்டு, "வியாழக்கிழமை. காலை. பெரிய கிரேன்" என்றார்.

"ஒரு தடவை சொன்னா போதும் சார், இப்ப நல்லாத்தான் கேக்குது."

"இல்ல, இன்னொரு தடவை சொல்லிடறேன். வியாழக்கிழமை…"

பீப்.

"என்ன சத்தம் அது?"

அதிகாரி ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஹலோ? லைன்ல வேற யாராவது இருக்காங்களா?"

"என் தம்பி" என்றார் பெரியவர்.

"ரொம்ப நல்லது. நான் தேடின ஆளே வந்தாச்சு. தம்பி சார், போன தடவை மாதிரி எங்க கிரேனைத் தண்ணித் தொட்டிக்கு அனுப்பிட மாட்டீங்களே? நாளைக்குக் காலையில அது காலியா?"

அதிகாரி தன் ஃபோன் கெட்டுப்போனதோ என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தாராம்.

"காலி இல்ல" என்றார் சின்னவர். "கட்டட வேலைக்குக் குடுத்திருக்கேன். தூண் தூக்கணும்."

"சின்ன கிரேன்ல தூக்கலாமே அதை" என்றார் பெரியவர், அதிகாரியிடம் சொல்வதுபோல.

"தூண் எடை தெரியாம சொல்லக் கூடாது" என்றார் சின்னவர், அதே அதிகாரியிடம்.

"எடை தெரியாதுங்க எனக்கு" என்றார் அதிகாரி.

"ஆறு டன்" என்றார் சின்னவர்.

"ஆறுதானே? கிட்டக்க நிறுத்தி, கையை ரொம்ப நீட்டாம தூக்கினா சின்னது தாராளம்."

"கிட்டக்க எங்க நிறுத்தறது? முன்னாடி மரம் நிக்குது."

"பின் கேட்டு இருக்குடா அங்க! அப்பா காலத்துலயே அந்தப் பக்கமாத்தானே உள்ள விட்டோம்."

"அதை இப்ப பூட்டி வெச்சிருக்கான்."

"சாவி வாங்கு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சார்," என்றார் அதிகாரி, "நான் இருக்கவா, போகவா?"

"நாளைக்குக் காலையில பெரிய கிரேன் உங்களுக்குத்தான் சார்" என்றார் சின்னவர். "நீங்க வெச்சுடுங்க."

அதிகாரி வைத்துவிட்டார்.

பழைய கம்பியாக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். இருவர் காதிலும் டோன் வந்திருக்கும், இருவரும் வைத்திருப்பார்கள். பாப்பாவின் திரையில் வெளி அழைப்பின் விளக்கு அணைந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் அணையவில்லை.

பலகைக்கு அப்பால் கத்தும் குரல்கள் இல்லை. ஏதோ பேச்சு நடப்பது மட்டும் தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பாப்பாவின் மேசைக்கும் டோன்காரர் ஒரு ஃபோன் வைத்துக் கொடுத்திருந்தார். எடுத்தால் கேட்கலாம். எடுத்தால் பீப் அடிக்கும். அவள் ஒரு பில்லை எழுதி, தப்பாக எழுதி, கிழித்துப் போட்டு, மறுபடி எழுதினாள். டிரைவர் ஒருவர் வந்து டீசலுக்குச் சீட்டு கேட்டார். சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

"யாராவது தூங்கறாங்களா பாப்பாம்மா?"

"இல்ல. இப்பத்தான் எழுந்திருக்காங்க."

விளக்குகள் இரண்டும் ஒன்றாக அணைந்தன. சின்னவர் வெளியே வந்தார்.

"திங்கட்கிழமை அந்த ரூம் ஃபோனை என் பக்கம் திருப்பி விடணும். டோன்காரர்கிட்டச் சொல்லு."

"எதுக்கு?"

"கண் ஆபரேஷனுக்குப் போறார்."

"யாரு, பெரியண்ணனா? எனக்கே தெரியாதே! உனக்கு யார் சொன்னா?"

"ஃபோன்ல சொன்னார்."

"அதிகாரிகிட்டயா?"

"அவர் எப்பவோ வெச்சுட்டார்" என்று சொல்லிவிட்டு, சின்னவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "நீ கிளம்பு. போற வழியில அந்தக் கட்டடத்துல நிறுத்தி, பின் கேட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு வா."

பாப்பா டோன்காரரைக் கூப்பிட்டாள். திருப்பி விடுவது ஒரு நிமிஷ வேலை, எத்தனை நாளைக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் அவர்.

"எத்தனை நாளைக்கு?" என்று பாப்பா உள்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"மூணு நாள்" என்றார் பெரியவர் தன் அறையிலிருந்து.

"ஒரு வாரம்" என்றார் சின்னவர்.

"ஒரு வாரமெல்லாம் வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லு பாப்பா."

"நீங்களே சொல்லுங்க. எனக்கு பில் வேலை கிடக்கு."

சின்னவர் அதற்குள் தன் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவன் நம்பர் என்ன?"

"பன்னெண்டு. நீங்க பதினொண்ணு."

"வெறும் பன்னெண்டா? முன்னாடி ஒண்ணும் போட வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்ணா. அழுத்துங்க, எடுப்பார்."

பிறகு அவள் டோன்காரரிடம், கொஞ்சம் பொறுங்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.